செய்தியே பாடநூலாகியது

வயது வந்த ஒருவன் பிறமொழியொன்றைக் கற்கத் தொடங்கும்போது முதலில் இழப்பது தன் வயதையே. தமிழிலே சூயெஸ் கால்வாயைப் பற்றியும் கொரியப் போரைப் பற்றியும் அயலவரோடு மணிக்கணக்காக வாதாடக்கூடிய முப்பது வயதுக் குடும்பத்தவன், ஆங்கில வாசகப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் ஐந்து வயதுச் சிறுவனாகிவிடுகிறான். பூனை பாயிலே படுத்திருக்கிறது. நாய் பந்தைப் பார்க்கிறது. பூனை எங்கே படுத்தால் அவனுக்கென்ன? அவனுடைய அறிவு வளர்ந்துவிட்டது. ஆங்கிலம் மாத்திரம் வளரவில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதற்கு நூறாண்டுகளுக்கு மேலாகப் பலர் பலவாறு முயன்றனர். அம்முயற்சிகளுள் ஒன்று, பாடமாக எழுதப்படாத ஒன்றைப் பாடமாக்கிக்கொண்டது. அதுவே அன்றன்றைய உலகச் செய்தி.

செய்தியின் வாயிலாக மொழியறிவு பெறும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. 1841ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் யாழ்ப்பாணத்திலே அமெரிக்க மிசனைச் சார்ந்தோர் வெளியிடத் தொடங்கிய ‘உதயதாரகை’ என்னும் பத்திரிகை, தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே தாங்கி வெளிவந்தது. ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்னும் இருவர் அதன் முதல் ஆசிரியர்கள். வட்டுக்கோட்டையில் 1823இல் நிறுவப்பெற்ற செமினரியிலே உயர்தரக் கல்வியை ஆங்கிலத்திற் பெற்றவர்களும், திண்ணைப் பள்ளிக்கூடத்தோடு நின்றவர்களும் ஒரே தாளைக் கையில் ஏந்தக்கூடிய நிலையை அது உண்டாக்கியது. ஒரு மொழியில் தெளிவாக விளங்கியதை மறுமொழியில் தட்டுத்தடுமாறி வாசிப்பதற்கு இதைவிட வாய்ப்பான ஏற்பாடு அக்காலத்தில் வேறு இருந்ததாகச் சொல்வதற்கில்லை. பொருள் முன்னரே தெரியும்; சொல்தான் புதிது. பின்வந்த முயற்சிகள் யாவற்றுக்கும் உயிர்நாடியாய் அமைந்தது இந்த ஒரு நுட்பமே.

இந்நுட்பத்தை ஆராய்ச்சியாக வளர்த்தவருள் முதன்மையானவர் மைக்கேல் வெஸ்ற் என்னும் ஆங்கிலேயர். இந்தியக் கல்விச் சேவையிற் சேர்ந்த இவர் டாக்கா நகரிலே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் அதிபராக இருந்தார். வங்காளத்துப் பிள்ளைகளிற் பெரும்பாலோர் படிப்பை முடிக்குமுன்பே பாடசாலையை விட்டு விலகுவதை அவர் கண்டார். சில ஆண்டுகள் ஆங்கிலம் படித்துவிட்டு விலகியவனிடத்தே எஞ்சுவது யாது? சில இலக்கண விதிகள். மறந்துபோன சில வாக்கியங்கள். காப்புறுதிப் பத்திரத்தை நடுவழியில் திருப்பிக் கொடுப்பவனுக்கும் ஒரு தொகை கிடைக்கிறதல்லவா? அதுபோல, எந்த ஆண்டில் விலகினாலும் விலகியவனிடத்தே பயன்படக்கூடிய ஏதாவது தங்கவேண்டும் என்று 1926இல் வெளியான தமது ஆராய்ச்சி அறிக்கையில் அவர் வாதித்தார். அப்படித் தங்கக்கூடியது வாசிக்கும் ஆற்றலே என்பது அவர் முடிபு. பேச எதிரே ஆள் வேண்டும். வாசிக்கத் தாள் ஒன்று போதும். ஆகவே அடிக்கடி வழங்கும் சொற்களை முதலிற் கொடுத்து, பழகிய சொற்கள் பலவற்றினிடையே புதுச்சொல் ஒன்று என்ற அளவில் மெல்ல மெல்லப் புகுத்தி அவர் வாசகங்களை எழுதினார். 1953இல் அவர் பதிப்பித்த பொதுச் சொற்பட்டியலில் ஏறக்குறைய 2000 சொற்கள் இடம்பெற்றன.

இதே காலத்தில் கேம்பிரிட்ஜில் வேறொரு முயற்சி நடந்தது. ஒக்டன் என்பார் 1930இல் ‘அடிப்படை ஆங்கிலம்’ என்னும் திட்டத்தை வெளியிட்டார். ஆங்கிலத்திற் சொல்லவேண்டியவை எல்லாவற்றையும் 850 சொற்களாற் சொல்லிவிடலாம் என்பது அவர் துணிபு. வினைச்சொற்கள் 18 மாத்திரமே. பட்டியல் முழுவதையும் ஒரே தாளில் அச்சிடலாம். போர்க்காலத்திலே, 1943 செப்டெம்பர் 6ஆம் நாள், ஹாவாட் பல்கலைக்கழகத்தில் உரையாற்றிய பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சில் இத்திட்டத்தை வெகுவாகப் பாராட்டினார். அமெரிக்க சனாதிபதி ரூஸ்வெல்ற் அதனை ஆராய விரும்பினாராயினும், சேர்ச்சிலின் புகழ்பெற்ற போர்க்கால உரையை இந்த 850 சொற்களில் ஆற்றியிருந்தால் உழைப்பும் கண்ணீரும் வியர்வையும் என்னவாகியிருக்கும் என்று எண்ணி நகைத்தார். குருதி இருக்கும்; உழைப்பு வெறும் ‘வேலை’ ஆகும்; கண்ணீர் ‘கண்ணின் தண்ணீர்’ ஆகும்; வியர்வை ‘முகத்தின் தண்ணீர்’ ஆகும்!

நகைப்புக்கு அடியில் ஒரு நியாயமும் உண்டு. வினைகளைக் குறைத்ததனால் அடிப்படை ஆங்கிலம் சிறு சொற்களை ஒன்றோடொன்று பிணைத்துப் பெரும்பொருளைச் சொல்லவேண்டியதாயிற்று. சகித்தல் என்பதற்குரிய தனிச்சொல்லை விலக்கிவிட்டு ‘புட் அப் வித்’ என்றால், கற்பவனுக்கு ‘புட்’ தெரியும், ‘அப்’ தெரியும், ‘வித்’தும் தெரியும், மூன்றும் சேர்ந்தாற் சகித்தலாகும் என்பதை அவன் எங்கே அறிவான்? பட்டியலின் நீளம் குறைந்தது. கற்பவன் தலைமேல் ஏறிய சுமை குறையவில்லை. வெஸ்ற் முதலிய ஆசிரியர்கள் இக்குறையை எடுத்துக்காட்டினர். ஒக்டன் பேரறிஞர் என்பதில் ஐயமில்லை. ஆனால் வகுப்பறையில் நின்றவன் வெஸ்ற்.

1959ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் நாள் இக்கதை வானொலிக்கு வருகிறது. அமெரிக்க அரசாங்கம் 1942இற் போர்க்காலத்தே தொடக்கிய ‘அமெரிக்காவின் குரல்’ என்னும் ஒலிபரப்பு, அன்றுதான் ‘விசேட ஆங்கிலம்’ என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. அப்போது அந்நிலையத்தின் பணிப்பாளராக இருந்தவர் ஹென்றி லூமிஸ். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மக்கள் உலகெங்கும் கோடிக்கணக்காக இருக்கின்றனர். அவர்களுக்கு விளங்கும் ஆங்கிலத்திற் செய்தி சொல்ல முடியாதா என்பதே அவர் எழுப்பிய வினா. இதிற் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அவர் ஆங்கிலம் கற்பிக்கப் புறப்படவில்லை. செய்தி சொல்லவே புறப்பட்டார். அந்நிகழ்ச்சியிற் பயிற்சி வினாக்கள் இல்லை. இலக்கண விளக்கம் இல்லை. ‘திருப்பிச் சொல்லுங்கள்’ என்ற கட்டளையும் இல்லை. இலண்டன் பி.பி.சி. நிலையம் 1943 முதல் வானொலியில் ஆங்கிலப் பாடங்களை முறையாக நடத்தி வந்தது. அது பாடம். அமெரிக்கர் செய்தது செய்தி. அதைப் பாடமாக்கியவர்கள் கேட்டவர்களே.

அதன் அமைப்பு எளியது. ஆனால் எழுதுவோருக்குக் கடுமையானது. ஏறக்குறைய 1500 சொற்கள் கொண்ட பட்டியல். ஒரு வாக்கியத்துக்கு ஒரு கருத்து. மரபுத்தொடர்கள் கூடா. பட்டியலுக்கு வெளியே ஒரு சொல் தவிர்க்க முடியாமல் வந்தால் அதன் பொருளை அவ்விடத்திலேயே சொல்லிவிடவேண்டும். வாசிக்கும் வேகம் வழக்கமான ஒலிபரப்பு வேகத்தில் மூன்றிலிரண்டு பங்கு. அஃதாவது நிமிடத்துக்குத் தொண்ணூறு சொற்கள் அளவில். சொற்களை இழுத்து வாசித்தலன்று; ஒவ்வொரு தொடருக்கும் பின்னே கேட்பவன் மூச்சுவிட இடம் கொடுத்து வாசித்தல். செய்தி முடிந்தபின் விஞ்ஞானம், வரலாறு, உடல்நலம் போன்ற பொருள்கள் பற்றிய கட்டுரைகளும் இதே நடையில் வந்தன.

எழுதுபவன் படும் பாட்டை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். 1960ஆம் ஆண்டு யூலை 21ஆம் நாள் இலங்கையில் நடந்ததை ஒரு பத்திரிகை வழக்கமாக எவ்வாறு எழுதும்? ‘முந்திய ஆண்டு கொலையுண்ட பிரதமரின் விதவையும், பாராளுமன்றத்தின் கீழ்ச்சபையில் உறுப்பினராக இராதவருமான திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா, தம் கட்சி தேர்தலில் ஈட்டிய வெற்றியைத் தொடர்ந்து, உலகின் முதற் பெண் பிரதமராகப் பதவிப் பிரமாணம் செய்துகொண்டார்’ என்று எழுதும். இது ஒரே வாக்கியம். விசேட ஆங்கில முறைப்படி எழுதப் புகுபவன் இதனை உடைக்கவேண்டும். ‘இலங்கையில் இன்று ஒரு பெண் பிரதமரானார். அவர் பெயர் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா. இதற்கு முன்பு உலகில் எந்தப் பெண்ணும் பிரதமரானதில்லை. அவருடைய கணவரும் பிரதமராக இருந்தார். சென்ற ஆண்டு ஒரு மனிதன் அவரைச் சுட்டுக் கொன்றான்.’ பொருள் குறையவில்லை. பிள்ளைப் பேச்சாகவும் ஆகவில்லை. முப்பது வயதினன் முப்பது வயதினனாகவே இருந்து இதனைக் கேட்கலாம்.

கடைசி வாக்கியத்தை மீண்டும் நோக்குதல் தகும். ‘கொலையுண்ட’ என்பது ‘ஒரு மனிதன் சுட்டுக் கொன்றான்’ என்று மாறிவிட்டது. செயப்பாட்டு வினையை விலக்கிச் செய்வினையில் எழுதுக என்பது அந்நிகழ்ச்சி எழுத்தாளருக்கு இடப்பட்ட விதிகளுள் ஒன்று. கற்பவனுக்கு எளிதாக இருக்கவேண்டும் என்பதற்காக வகுக்கப்பட்ட விதி அது. ஆனால் அதனால் விளைந்தது இலக்கணத்தோடு நிற்கவில்லை. ‘கலகத்தில் வீடுகள் எரிக்கப்பட்டன’ என்று எழுதுவது எந்த அரசாங்கத்துக்கும் எந்தப் பத்திரிகைக்கும் சுலபம். ‘எரித்தனர்’ என்று எழுதப் புகுந்தால், எவர் எரித்தனர் என்ற கேள்வி உடனே எழுகிறது. எழுதுபவன் அதற்கு விடை தேடவேண்டும்; விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லவேண்டும். எளிய நடை பொய்யைத் தடுத்துவிடும் என்பதன்று. எளிய நடையிலும் பொய் சொல்லலாம். எனினும் பொறுப்பை மறைத்துக்கொள்ளும் ஒரு மூலை அங்கே அடைபட்டுவிடுகிறது.

தொடக்கத்தில் இந்நிகழ்ச்சிக்கு வரவேற்பிலும் எதிர்ப்பே மிகுதி. இத்தனை சிறு சொற்றொகையில் உலகச் செய்தியைச் சொல்லவே இயலாது என்றனர் சிலர். கேட்பவரைக் குழந்தைகளாக நடத்துவது போலாகும் என அஞ்சினர் வேறு சிலர். இந்த அச்சத்தைக் கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் நன்கறிந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. ஆங்கிலம் அறியாதவர்களோ கடிதம் எழுதத் தொடங்கினர். தங்களுக்கு விளங்குகிறது என்று ஆங்கிலத்திலேயே எழுதினர். தடை செய்யப்படவிருந்த நிகழ்ச்சியைக் காத்தவை அக்கடிதங்களே எனலாம்.

இலங்கைக்கும் இவ்வொலிபரப்புக்கும் தொடர்பு முன்னரே ஏற்பட்டிருந்தது. 1951இல் இரு அரசாங்கங்களும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, அமெரிக்கா இலங்கை வானொலிக்கு ஒலிபரப்புக் கருவிகளை வழங்க, இலங்கை தன் நிலையத்திலிருந்து அமெரிக்காவின் குரலை அஞ்சல் செய்ய ஒப்புக்கொண்டது. அக்காலத்தில் இங்கே ஆங்கிலத்தின் நிலை மாறிக்கொண்டிருந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழிக் கல்வி படிப்படியாகக் கீழ்வகுப்புகளிலிருந்து மேலேறியது. 1956இல் அரசகருமமொழிச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரசகருமமொழியாக்கியது. கிராமத்துப் பாடசாலையிலே தமிழில் விஞ்ஞானமும் சரித்திரமும் திறம்படக் கற்ற மாணாக்கன், ஆங்கில ஆசிரியரைக் காண்பதே அரிது. பணமும் பட்டணமும் உடையோருக்கு ஆங்கிலம் வீட்டிலே கிடைத்தது; ஏனையோருக்கு அது எட்டாக்கனியாயிற்று. இத்தகையோனுக்கு வானொலிப் பெட்டி ஆசிரியராகக்கூடுமாயின் அது சிறிய காரியமன்று. மாலையில் தமிழ்ச் செய்தியை இலங்கை வானொலியிற் கேட்டுவிட்டுப் பின்னர் அதே செய்தியை மெதுவான ஆங்கிலத்திற் கேட்பவன், உதயதாரகையை வாசித்த தன் பாட்டன் செய்ததையே காதாற் செய்கிறான். ககாரின் 1961 ஏப்ரல் 12ஆம் நாள் விண்வெளிக்குச் சென்றதைத் தமிழில் அறிந்தவனுக்கு, ஆங்கிலச் செய்தியில் வரும் புதுச்சொற்கள் அகராதியில்லாமலே வசப்படும். மறுநாளும் அதே சொற்கள் வரும். அதற்கு மறுநாளும் வரும். பயிற்சிப் புத்தகம் செயற்கையாகத் திருப்பிச் சொல்வதை உலகம் இயற்கையாகவே திருப்பிச் சொல்கிறது.

அப்பட்டியலில் இடம்பெற்ற சொற்களைப் பார்த்தால் அக்கால உலகின் முகம் தெரியும். உடன்படிக்கை, போர்நிறுத்தம், தூதுவர், பணயக்கைதி, செய்மதி, ஊரடங்கு, அகதி ஆகியவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்கள் எல்லாம் அதில் உண்டு. அடுக்களைப் பாத்திரங்களுக்கு அவ்வளவு இடமில்லை. அதிலே தேர்ந்தவன் ஐக்கிய நாடுகள் சபையின் விவாதத்தை விளங்கிக்கொள்வான். கடையிலே கரண்டி கேட்கத் தடுமாறுவான். இது குறையே. எனினும் 1958ஆம் ஆண்டு மே மாதக் கலவரத்தை இத்தீவிலே கண்டவர்களுக்கு ‘கேர்ஃபியூ’ என்பதையும் ‘றெஃபியூஜி’ என்பதையும் எவரும் விளக்கத் தேவையிருந்ததில்லை. சில சொற்களைப் பொருள் முந்திக்கொண்டு வந்து கற்பித்துவிடுகிறது.

இனி, பிறநாட்டு அரசாங்கம் ஒன்று தரும் செய்தியைப் பாடமாகக் கொள்வது தகுமா என்ற கேள்வியைத் தள்ளிவிட இயலாது. பூனையும் பாயும் எந்த அரசையும் சார்ந்தவை அல்ல; செய்தி அத்தகையதன்று. எதைச் சொல்வது, எதை விடுவது, எதை முதலிற் சொல்வது என்பவற்றை வாஷிங்டனில் இருந்தவர்களே தீர்மானித்தனர். மொழியோடு நோக்கும் சேர்ந்தே வந்தது. வியட்நாம் போரைப் பற்றிய செய்திகளில் அரசாங்கம் தலையிட்டபோது, விசேட ஆங்கிலத்தைத் தொடக்கிவைத்த லூமிஸே அத்தலையீட்டை ஏற்காது 1965இற் பதவி துறந்தார். அச்செயல் அவருக்குப் பெருமை தருவது. ஆனால் தலையீடு இருந்தது என்பதற்கும் அதுவே சான்று. செய்தி நடுநிலையோடும் முழுமையோடும் இருத்தல் வேண்டும் என்று அவர் காலத்தில் வரையப்பட்ட சாசனம், 1976இலேதான் சட்டமாயிற்று.

சொல்லைக் குறைத்தாற் சிந்தனையும் குறையும் என்னும் மற்றோர் அச்சமும் உண்டு. 1941 முதல் 1943 வரை பி.பி.சி. நிலையத்திலிருந்து இந்தியாவுக்கான ஒலிபரப்பிற் பணியாற்றிய ஜோர்ஜ் ஓவல், 1949இல் வெளியிட்ட தமது நாவலில், குடிகள் மாறுபட்டுச் சிந்திக்கவே இயலாதபடி சொற்களை ஆண்டுதோறும் அழித்துவரும் ஓர் அரசைப் படைத்துக் காட்டினார். அந்நாவலின் மக்களுக்கு வேறு மொழி இருக்கவில்லை. 1500 சொற்களில் ஆங்கிலம் கேட்கும் தமிழனுக்கோ வங்காளிக்கோ, முழுமையான தாய்மொழி ஒன்று கைவசம் இருக்கிறது. ஆங்கிலத்திற் கேட்டதைத் தன் மொழிப் பத்திரிகை சொன்னதோடு ஒப்பிட்டு, இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்று அவன் கேட்கலாம். அக்கேள்வியைக் கேட்கத் தொடங்கும்போதுதான் அவன் மொழிமாணவன் என்ற நிலையைக் கடக்கிறான். ஒரே நிலையத்தை மாத்திரம் கேட்டு ஆங்கிலம் கற்பது ஆபத்து என்பதில் மறுப்பில்லை. அந்த ஆபத்து தாய்மொழியில் ஒரே பத்திரிகையை வாசிப்பவனுக்கும் உண்டு.

சீனாவிலே இவ்விடயம் விநோதமான உருக்கொண்டது. கலாசாரப் புரட்சிக் காலத்தில் அந்நிய வானொலி கேட்பது தண்டனைக்குரிய குற்றம். 1978இன் பின்பு நாட்டின் கதவுகள் திறக்கத் தொடங்கியதும், முன்னர் மறைவிற் கேட்டதை மாணாக்கர் வெளிப்படையாகக் கேட்டனர். விசேட ஆங்கிலத்தை வரிவரியாக எழுதிக்கொண்டு பயின்றனர். 1989இலே தியனென்மென் சதுக்கத்து நிகழ்ச்சிகளின்போது அமெரிக்காவின் குரலின் சீனமொழி ஒலிபரப்பை அந்நாட்டு அரசாங்கம் மீண்டும் குழப்பியது. சொல் கற்பதற்கென்று தொடங்கியவர்கள் அதற்குள் செய்தி கேட்கவும் பழகியிருந்தனர்.

முறையைப் பிறரும் கைக்கொண்டனர். செர்மானிய வானொலி மெதுவாக வாசிக்கும் செய்தியைக் கற்போருக்கென ஒலிபரப்பியது. பிரெஞ்சு வானொலி எளிய பிரெஞ்சிற் செய்தி தந்தது. பின்லாந்து வானொலியோ 1989 முதல் 2019 வரை வாரந்தோறும் இலத்தீன் மொழியில் உலகச் செய்தி வாசித்தது. பேசுவார் அற்ற மொழிக்கும் அன்றாடச் செய்தி உயிர் கொடுக்கும் என்று நம்பியவர்களும் இருந்தார்கள்!

விசேட ஆங்கிலத்தின் சொற்பட்டியல் காலந்தோறும் திருத்தப்பட்டு வந்தது. வழக்கொழிந்தவை வெளியேறப் புதியவை புகுந்தன. நிகழ்ச்சியின் பெயரும் பிற்காலத்தில் ‘ஆங்கிலம் கற்றல்’ என மாறியது. பாடம் என்று சொல்லாமலே அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்ததற்கு அப்போதுதான் பாடம் என்ற பெயர் வந்தது. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்க அரசாங்கத்தின் ஆணையொன்றைத் தொடர்ந்து, அமெரிக்காவின் குரல் நிலையத்து ஊழியர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் விடுப்பில் அனுப்பப்பட்டனர். மெதுவான ஆங்கிலச் செய்தியும் நின்றது. அவ்வாணையை எதிர்த்து வழக்குகள் எழுந்தன. நின்ற அன்று அந்நிகழ்ச்சிக்கு வயது 65.